புகைப்பழக்கத்தைக் கைவிடச் சமூகச் சுகாதாரத் திட்டங்கள் உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் ஒருநாள் முகாம் போட்டு, நுரையீரல் படத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புவதைத் திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கெடுதல் என்பது புகைப்பவருக்குத் தெரியும். நிறுத்தும் தேதியைக் குறித்துக்கொடுத்து, சரியான அளவில் மருந்தும் தந்து, அதற்கடுத்த ஒரு வாரம் கூடவே நிற்க ஆள் வேண்டும்.

முதல் சந்திப்பில் தவறாமல் கேட்க வேண்டியது: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணிக்குள் என்றால் 4 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். இதைக் கேட்காமல் எல்லோருக்கும் 2 கொடுத்தால், சிகரெட்டின் பிடியில் அதிகம் சிக்கியவர் தவிப்பு அடங்காமல் மறுபடி பற்றவைத்துவிடுவார்.

சூயிங்கம்மை மெல்லும் விதத்தையும் செய்து காட்ட வேண்டும். பலர் மிட்டாய் போல மென்று எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப்போடுகிறார்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். மெல்லத் தொடங்குவதற்கு முந்தைய 15 நிமிடத்தில் காபியோ பழரசமோ கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிக்கோடின் சரியாக உள்ளே இறங்காது.

நாளுக்கு 10க்கு மேல் புகைப்பவருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் வழக்கமாக 21 மில்லிகிராமில் 6 வாரம், பிறகு 14இல் 2 வாரம், 7இல் 2 வாரம். பேட்சோடு சூயிங்கம்மையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். தூக்கம் கெட்டால் இரவில் எடுத்துவிடலாம். புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை என்றால் மருத்துவர் எழுதித் தர வேண்டும், நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

திட்டங்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது தொடர் விசாரிப்பில்தான். தவிப்பு உச்சத்தில் இருப்பது முதல் இரண்டு மூன்று நாள். முதல் அழைப்பு அப்போதே போக வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பயனில்லை. இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள், மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். எந்த நேரம், யாரோடு இருந்தபோது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை அந்த நேரத்துக்கு முன்பே சூயிங்கம் வாயில் இருக்கட்டும்.

புகைப்பதால் மூச்சில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயுவை ஊதி அளக்கும் கருவி இருந்தால் நல்லது. ஓரிரு நாளிலேயே எண் இறங்குவதைப் பார்ப்பவருக்குத் தெம்பு வரும். அது கடைசி ஒரு நாள் நிலவரத்தைத்தான் சொல்லும். எனவே ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுக்கும்போது அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; தொடர்பில் கிடைக்காதவர்களையும் புகைப்பவர்களாகவே எண்ணுங்கள்.