ஆசிரியர் பதில்கள்: 25 இலக்கத்தோடு நின்றுபோன எண்

கேள்வி: 3608528850368400786036725 என்ற எண்ணை ‘படைத்தவனின் கையெழுத்து’ என்று சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பினார். முதல் இரண்டு இலக்கங்கள் சேர்ந்த எண் 2-ஆல் வகுபடுகிறது, முதல் மூன்று 3-ஆல், முதல் நான்கு 4-ஆல்... இப்படியே 25 வரை. மனித மூளையால் இப்படி ஓர் எண்ணைச் செய்ய முடியுமா? 25-இல் நிற்பதற்கு உட்பொருள் ஏதும் உண்டா?

பதில்: உங்கள் நண்பரின் கணக்கு சரி. கையெழுத்துதான் ஆள் மாறிவிட்டது.

இந்த எண்ணை யாரும் ‘செய்ய’ வேண்டியதில்லை. சலித்து எடுத்தால் போதும். தாளை எடுங்கள். 1 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கத்தில் தொடங்கி, விதி கெடாமல் வலப்பக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். பத்தாவது இலக்கம் வரை நீங்கள் எங்கும் மாட்டவே மாட்டீர்கள். கடைசி இடத்தில் 0 முதல் 9 வரை போட்டுப் பார்த்தால் அடுத்தடுத்த பத்து எண்கள் கிடைக்கின்றன. அவற்றில் 7-இன் மடங்கோ 8-இன் மடங்கோ ஒன்றாவது இருந்தே தீரும். 11-இலிருந்துதான் சிக்கல். வாய்ப்பு பத்து, வகுக்கும் எண் அதைவிடப் பெரியது. 25-ஆவது இடத்துக்கு வரும்போது, சராசரியாக ஐந்து முயற்சியில் இரண்டுதான் தேறும்.

ஆகவே கூட்டம் முதலில் பெருகி, பிறகு கரைகிறது. ஒன்பது இலக்கத்தில் இப்படிப்பட்ட எண்கள் 2492. பத்து இலக்கத்திலும் அதே 2492, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் 0 மட்டுமே போட முடியும். இருபது இலக்கத்தில் 44. இருபத்து நான்கில் 3. இருபத்தைந்தில் ஒன்றே ஒன்று, நீங்கள் அனுப்பியது. இத்தனை பேர் வரிசையில் நின்றால் கடைசியாக ஒருவர் மிஞ்சத்தானே செய்வார்? அவருக்கு மாலை போட்டுக் கும்பிடுவது நம் வழக்கம்.

அது ஏன் 26-க்குப் போகவில்லை என்பதையும் பார்த்துவிடலாம். எண்ணின் கடைசியில் ஒரு 0 சேர்த்து 26-ஆல் வகுங்கள், மீதி 12. மீதியில்லாமல் வகுபட வேண்டுமானால் அந்த 0 இருக்கும் இடத்தில் 14 வர வேண்டும். ஓர் இடத்தில் 9-க்கு மேல் எழுத முடியாது. உட்பொருள் அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த வித்தை முழுவதும் நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. கம்ப்யூட்டரைப்போல 0, 1 மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள்: இரண்டு இலக்கத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவது இலக்கம் சேர்த்தால் 4 அல்லது 5 வரும், இரண்டுமே 3-ஆல் வகுபடாது. பிரபஞ்ச ரகசியம் என்றால் எழுதும் முறையை மாற்றினால் ஓடி ஒளியுமா?

என்னைக் கேட்டால் இதே குடும்பத்தின் சிறிய உறுப்பினர்தான் அழகு: 381654729. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வந்து, இதே விதிக்கும் கட்டுப்படும் எண் இது ஒன்றுதான். கணினி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். 0 கிடையாது என்பதால் ஐந்தாவது இடம் 5-க்குத்தான். இரட்டைப்படை இடங்களில் 2, 4, 6, 8 மட்டுமே உட்கார முடியும். பாதி வேலை முடிந்தது. மீதியை நண்பரும் நீங்களும் பகிர்ந்துகொள்ளுங்கள்.