சன்ரூஃப் வண்டியைச் சேற்றிலிருந்து தூக்காது: தார் ராக்ஸில் எந்த வேரியன்ட்?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து 4 கி.மீ. மண்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பழைய ஜீப் இரண்டு இடங்களில் ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. அது பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டி. வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். மஹிந்திரா தார் ராக்ஸ் டீசல் வாங்கத் தீர்மானித்துவிட்டோம். ஷோரூமில் உச்ச வேரியன்டான ஏஎக்ஸ்7எல், பின்சக்கர இயக்க வண்டி கையிருப்பில் இருக்கிறதாம். கிட்டத்தட்ட அதே விலைக்கு, கீழ்நிலை வேரியன்டான எம்எக்ஸ்5-இல் 4×4 (நான்கு சக்கர இயக்கம்) உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும், ‘உங்களுக்கு எதற்கு சார் ஃபோர் பை ஃபோர்’ என்கிறார்கள். மைத்துனரோ வரி குறைந்துவிட்டது, மூன்று கதவு தார் 4×2 (பின்சக்கர இயக்கம்) எடு என்கிறார். எதை வாங்குவது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: எம்எக்ஸ்5 4×4 வாங்குங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

2024 செப்டம்பரில் விலை அறிவித்தபோது எம்எக்ஸ்5 4×4 மேனுவல் 18.79 லட்சம், ஏஎக்ஸ்7எல் டீசல் மேனுவல் பின்சக்கர இயக்கம் 18.99 லட்சம். அதன்பிறகு வரி மாறியது, விலையும் மாறியது. ஆனாலும் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஒரே பணம் ஒரு வண்டியில் கூரைக்கும் சீட்டுக்கும் போயிருக்கிறது, இன்னொன்றில் அடிவயிற்றுக்குப் போயிருக்கிறது. ஏஎக்ஸ்7எல்லில் முழுநீளக் கண்ணாடிக் கூரை, காற்று வரும் சீட், சுற்றிலும் காட்டும் கேமரா, 19 அங்குல அலாய் எல்லாம் கிடைக்கும். எம்எக்ஸ்5 4×4-இல் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரக் கூடு), முன் ஆக்ஸில் ஷாஃப்ட், லோ ரேஞ்ச் கியர். கேமராவும் ஸ்பீக்கரும் சீட் கவரும் நாளைக்கும் போட்டுக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிறகு போட முடியாது. ‘இப்போ டூ வீல் எடுங்க, தேவைன்னா அப்புறம் மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு மேற்கொண்டு பேச வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து கம்ப்யூட்டர் வரை மாற்ற வேண்டியிருக்கும், வாரன்டி போகும், ஆர்.சி.யிலும் சிக்கல்.

உங்கள் ஜீப் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண டிஃபரென்ஷியல், பிடிப்பு குறைவாக உள்ள சக்கரத்தின் பக்கம்தான் சுழற்சியைத் தள்ளும். பின்னால் இடது டயர் சகதியில், வலது டயர் கெட்டி மண்ணில் நின்றால், இடது டயர் வீணாகச் சுழலும், வலது டயர் சும்மா இருக்கும். பின்சக்கர இயக்க ராக்ஸிலும் அடிப்படை இதுவேதான். சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறுபக்கம் சக்தியை அனுப்பும் எலெக்ட்ரானிக் வித்தை ஒன்று இருக்கிறது. ஈரப் புல்லில், சின்னப் பள்ளத்தில் அது உதவும். செங்குத்தான சேற்றுமேட்டில் அது வேலையைத் தொடங்குவதற்குள் டயர் ஒரு குழி தோண்டிவிடும். 4×4 போட்டால் முன்சக்கரங்கள் இழுக்கின்றன. அதோடு பின் டிஃபரென்ஷியலைப் பட்டனால் பூட்டும் வசதியும் இருந்தால், ஒரு டயர் அந்தரத்தில் தொங்கினாலும் வண்டி நகரும். அந்தப் பூட்டு நீங்கள் எடுக்கும் வேரியன்டில் இருக்கிறதா என்பதைச் சிற்றேட்டில் அந்த வேரியன்டுக்கான கட்டத்தில் பாருங்கள், டேஷ்போர்டில் பட்டனையும் கண்ணால் பாருங்கள். சிற்றேட்டின் முதல் பக்கத்துப் படம் எப்போதும் உச்ச வேரியன்டுடையது. நட்சத்திரக் குறி போட்டு எறும்பு எழுத்தில் ‘சில வேரியன்ட்களில் மட்டும்’ என்று அடியில் எழுதிவைக்கும் பழக்கத்தை யாரும் கேட்பதில்லை.

லோ ரேஞ்ச்தான் உங்களுக்கு உண்மையான லாபம். லீவரை 4எல்-க்கு (நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுக்கும் நிலை) இழுத்தால் ஒவ்வொரு கியரும் சுமார் இரண்டரை மடங்கு தாழ்கிறது. முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டுவிட்டு நடைவேகத்தில் ஏறலாம். அரை கிளட்ச்சில் நிறுத்தி நிறுத்தி ஏறுவதால்தான் மலைவண்டிகளில் கிளட்ச் தட்டு கருகி அந்த வாடை வருகிறது. இறங்கும்போது இன்னும் நல்லது. 4எல் முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் மிதிக்கவே வேண்டியிருக்காது. ஈரமண் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் டயர் பூட்டி வண்டி சறுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 4எல்-க்கு மாற்ற வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதித்து, நியூட்ரலில் வைத்துவிட்டு லீவரை இழுக்க வேண்டும். தார்ச்சாலை வந்ததும் 2எச்-க்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) திரும்பிவிடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் 4×4-இல் திரும்பினால் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் உருள முடியாமல் உள்ளே முறுக்கேறி, ஷாஃப்டும் கியரும் கெடும்.

அம்மா வருகிறார், பாதுகாப்புக்காக உச்ச வேரியன்ட் எடுங்கள் என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ராக்ஸில் ஆறு ஏர்பேக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் எல்லா வேரியன்டிலும் வருகின்றன. பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை எம்எக்ஸ்3, ஏஎக்ஸ்5எல் வண்டிகள். உச்ச வேரியன்டில் கூடுதலாக வரும் அடாஸ் (கேமரா, ரேடார் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் வசதி) நாலுவழிச் சாலையில் பயன்படும். கோடே போடாத மலைப்பாதையில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

19 அங்குல சக்கரம் பார்க்க உயரமாகத் தெரியும். உயரம் இல்லை. எம்எக்ஸ்5-இன் 255/65 ஆர்18 டயரும் ஏஎக்ஸ்7எல்லின் 255/60 ஆர்19 டயரும் மொத்த விட்டத்தில் ஒன்றுதான், இரண்டும் சுமார் 789 மி.மீ. ஆகவே தரையிலிருந்து உயரம் கூடாது. கூடுவது உலோகம், குறைவது ரப்பர். 18-இல் பக்கச்சுவர் 166 மி.மீ., 19-இல் 153. கல்லில் மோதும்போது அந்த 13 மி.மீ. ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றும். சேற்றுக்குள் போகும் முன் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். அதற்கும் பக்கச்சுவர் உயரம் வேண்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும். 12 வோல்ட் பம்ப் ஒன்றும் நல்ல பிரஷர் கேஜ் ஒன்றும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஒரே ஒரு நிலையில் நான் 4×4 வேண்டாம் என்பேன். 4 கி.மீ.யில் இரண்டு இடத்தில்தான் நிற்கிறது என்கிறீர்கள். அந்த இரண்டு இடமும் உங்கள் பட்டா நிலத்துக்குள் இருந்து, மீதிப் பாதை கெட்டியாக இருந்தால், வண்டியை விடப் பாதையைச் சரிசெய்வது மலிவு. மேடு முழுவதும் கான்கிரீட் போட வேண்டியதில்லை, டயர் ஓடும் இரண்டு பட்டைகள் போதும். ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனம். இரண்டு இடமும் சேர்ந்து 60 மீட்டர் என்றால் சுமார் 11 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். வண்டியின் இடது டயர் நடுவிலிருந்து வலது டயர் நடு வரை டேப் பிடித்து அளந்து அந்த இடைவெளியில் பட்டைகளைப் போடுங்கள். மேல்பூச்சை வழவழப்பாக இழுக்க விடாதீர்கள், கொத்தனார் அழகுக்காக இழுத்துவிடுவார். ஈரமாக இருக்கும்போதே குறுக்கே துடைப்பத்தால் கீறி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு பள்ளக்கோடு போட வேண்டும். மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பாவிட்டால் பட்டைக்கு அடியில் மண் அரித்து இரண்டே மழைக்காலத்தில் அது உடையும். இதைச் செய்ய முடியுமானால் பின்சக்கர இயக்க எம்எக்ஸ்3 டீசலே போதும். அப்போதும் ஏஎக்ஸ்7எல் தேவையில்லை. அந்த இடங்கள் வனத்துறை நிலத்திலோ பொதுப்பாதையிலோ இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு கூடை ஜல்லி கொட்டினாலும் வழக்கு வரும். பேசாமல் 4×4 எடுங்கள்.

மைத்துனர் சொல்லும் வரிக் கதை உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் டீசல் இன்ஜினும் உள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18%. மூன்று கதவு தார் 4×2-இன் நீளம் 3,985 மி.மீ., இன்ஜின் 1.5 லிட்டர், அதனால் அது 18-இல் விழுகிறது. அதே நீளம், அதே கூடு, 2.2 லிட்டர் இன்ஜினோடு 4×4 என்றால் 40%. மேட்டில் காபி மூட்டை இறக்குகிற விவசாயிக்கு நாற்பது, கடற்கரைச் சாலையில் கூரையைத் திறந்துகொண்டு உலாத்துகிறவருக்குப் பதினெட்டு. டேப் பிடித்து வரி போடுகிறவர்களுக்கு அந்த வண்டி எங்கே ஓடும் என்ற கவலை இல்லை. இருக்கட்டும். மூன்று கதவு வண்டியில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி ஏற வேண்டும், இருக்கையும் நாலுதான். உங்கள் வீட்டுக்கு அது ஆகாது. மாருதி ஜிம்னியும் நாலு சீட்டுதான், ஆகவே அதுவும் கழிந்தது. ஆனாலும் ஜிம்னியின் முறை நேர்மையானது: ஜீட்டா, ஆல்ஃபா இரண்டிலும் ஒரே 4×4, ஒரே லோ ரேஞ்ச். கூடுதல் பணம் அலாய்க்கும் பெரிய திரைக்கும் விளக்குக்கும்தான்.

தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கணக்கில் வையுங்கள். 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை 18%, 20 லட்சத்தைத் தாண்டினால் 20%. தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். 19.90 லட்ச வண்டிக்கு வரி 3,58,200. 20.10 லட்ச வண்டிக்கு 4,02,000. விலையில் 20,000 கூடினால் வரியில் 43,800 கூடுகிறது. ஏஎக்ஸ்5எல் 4×4 ஆட்டோமேட்டிக் பார்க்கிறீர்கள் என்றால், அன்றைய விலை இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் பில்லில் வரும் 1% டி.சி.எஸ். (உங்கள் பெயரில் டீலர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) டீலரின் பணமும் அல்ல, செலவும் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். விவசாய வருமானம்தானே என்று கணக்கே போடாதவர்களுக்கு அது அப்படியே போய்விடும்.

இனி வழிப்பறிகள். ‘ஆன்-ரோடு’ என்று ஒரே எண்ணாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவு, இன்ஷூரன்ஸ், டி.சி.எஸ்., ஃபாஸ்டாக் எனத் தனித்தனி வரியாகத் தாளில் கேளுங்கள். ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று வந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், அதற்குச் சட்டத்தில் இடமில்லை. இன்ஷூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்பதும் பொய். மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம், அதை எங்கு வாங்குவது என்பது உங்கள் விருப்பம். வெளியில் ஒரு விலை வாங்கிக் காட்டினாலே அவர்களின் விலை இறங்கும்.

அடிப்பாகத்துக்குக் கருப்புப் பூச்சு என்று ஒன்றைத் திணிப்பார்கள். கவனமில்லாமல் அடித்தால் கதவுக்கும் சேஸிக்கும் உள்ள தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு, துரு வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்து வரும். முன்னால் பம்பருக்கு மேல் மாட்டும் இரும்புத் தடுப்பு, அதாவது புல் பார், வேண்டவே வேண்டாம். மத்திய அரசு 2017-லேயே அதற்கு எதிராக உத்தரவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மீறுவது அது, அபராதம் உண்டு. மோதும்போது ஏர்பேக் சென்சாரையும் அது குழப்பும். பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். அம்மாவுக்காகப் பக்கப் படிக்கட்டு போடச் சொல்வார்கள். அது கதவுக்குக் கீழே தொங்கி, மேட்டின் முதுகில் முதலில் இடிக்கும். ராக்ஸின் சக்கர இடைவெளி 2,850 மி.மீ., வயிறு ஏற்கெனவே நீளம். ஒரு மடக்கு ஸ்டூல் போதும், டிக்கியில் கிடக்கும்.

பணத்தைச் செலவழிக்க ஆசை இருந்தால் 9 மீட்டர் இழுவைப் பட்டை (8 டன் தாங்குவது), இரண்டு ஷாக்கிள் (பட்டையைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம்), ஒரு குட்டை மண்வெட்டி வாங்குங்கள். பட்டையைச் சேஸியில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பம்பரிலோ டிரெய்லர் குண்டிலோ அல்ல. இழுக்கும்போது அது பிய்ந்து பறந்தால் ஆள் உயிர் போகும்.

டெலிவரிக்கு முன் பகல் வெளிச்சத்தில் வண்டியின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். நடுவில் பூசணிக்காய் அளவு இரும்பு உருண்டை முன் டிஃபரென்ஷியல். அதிலிருந்து இரு சக்கரத்துக்கும் ஷாஃப்ட், பின்னோக்கி ஒரு நீளத் தண்டு. இவை இருந்தால்தான் 4×4. பின்கதவில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அந்த ஸ்டிக்கர் அக்சஸரி கடையில் தொங்குகிறது. அப்படியே ஒருமுறை 4எல் போட்டு, கேஜில் விளக்கு எரிகிறதா, பிறகு 2எச்-க்குத் தகராறு இல்லாமல் திரும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புக்கிங் தாளில் ‘தார் ராக்ஸ் டீசல்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். வண்டி வரும்போது வேரியன்டை மாற்றிக்கொள்ள அது அவர்களுக்கு வசதி. ‘எம்எக்ஸ்5, டீசல், மேனுவல், 4×4’ என நான்கையும் எழுதச் சொல்லி, நிறம், விலை, எத்தனை வாரத்தில் தராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்பதையும் சேர்த்து, முத்திரை வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.