அடமானப் பத்திரத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்

மகனுக்கு நீட் மதிப்பெண் குறைந்துவிட்டது, நிலத்தை அடமானம் வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பலாமா என்று கேட்டு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

நீட் மதிப்பெண் குறைந்ததால் குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை. ஆறுதல் இவ்வளவு போதும். கொழுந்தனார் சொல்லும் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்காக ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். அங்கே 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு. தேறினால் இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. அத்தனை காலமும் வட்டி கட்டப்போவது கொழுந்தனார் இல்லை.

அறுவடை மிஷின் பழுதானால் பையன் மெக்கானிக் பக்கத்தை விட்டு நகர்வதில்லை என்று குறைபட்டிருக்கிறீர்கள். அவனுக்கு எது வரும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், சேருங்கள். வெல்டர், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். ஃபிட்டர் இரண்டு வருடம். கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்கலாம். முடித்ததும் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழை வைத்து வெளிநாட்டு வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது.

படிக்கும் காலத்திலேயே காகிதங்களைச் சரிசெய்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் வெறும் 'ரா.', ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் சேர்ந்திருக்கிறது, சாதிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. விசா கேட்கும் நேரத்தில் இவை மூன்று வேறு ஆட்களாகத் தெரியும். மதிப்பெண் பட்டியலை மூலமாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கணினி மையத்தில் அவசரத்தில் ஒன்றை வீணாக்க வேண்டாம். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. சாதாரண விண்ணப்பத்தில் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அதற்கு மேல் கேட்பவர் தரகர். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசிடம் வாங்க வேண்டிய குடியேற்ற அனுமதி, பையன் பத்தாவது தேறியிருப்பதால் அவனுக்குத் தேவையில்லை. வளைகுடாவில் அமீரகம் என்றால் தொழிற்சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் மூன்றிலும் வரிசையாகச் சான்றொப்பம் வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளைப் பதிவுசெய்யும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவெண் இல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், மேலே கேட்டால் சட்டமீறல். அசல் சான்றிதழைக் கையில் தரவே கூடாது. 'முதலில் டூரிஸ்ட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால், சொல்பவர் சொந்த மாமாவே ஆனாலும், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஐ.டி.ஐ. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது எந்தத் தொழிற்பிரிவு என்பதைப் பையனே எழுதட்டும்.