சைட் வேர்ட்ஸ்: பெற்றோர் கேட்டவை

மகள் யூகேஜி. பள்ளியில் கொடுத்த சைட் வேர்ட்ஸை (பார்த்ததும் சொல்லப் பழக்கும் ஆங்கிலச் சொற்கள்) அட்டையில் காட்டினால் கடகடவென்று சொல்கிறாள், கதைப் புத்தகத்தில் அதே சொல் வந்தால் விழிக்கிறாள். ஏன்? (ஓர் அம்மா, கும்பகோணம்)

அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், பாதி தடுமாறும். அட்டையின் நிறம், வரிசை, மூலையில் ஒட்டியிருக்கும் கறை என்று எதையோ பிடித்துக்கொண்டு சொல்லும் பிள்ளைகள் நிறைய. சொல்லைப் படமாகப் பதிய வைக்கச் சொல்லும் முறையே எனக்கு உடன்பாடில்லை.

'சொன்னாள்' என்ற பொருளில் வரும் 'செட்' (said) என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அட்டையை மூடிவிட்டு, வாயால் சொல்ல வையுங்கள். ஸ், எ, ட், மூன்று ஒலி. மூன்று புளியங்கொட்டை வைத்து, ஒலிக்கு ஒன்றாக நகர்த்தட்டும். அப்புறம் எழுத்தைக் காட்டுங்கள்: முதலில் உள்ள எஸ், கடைசியில் உள்ள டி இரண்டும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் ஏ-யும் ஐ-யும் சேர்ந்து 'எ' என்று ஒலிப்பதுதான் வம்பு. அதன் கீழ் மட்டும் சிவப்புக் கோடு போடுங்கள், மனப்பாடம் அவ்வளவுதான். எழுதவும் வையுங்கள், அன்றைக்கே ஒரு வாக்கியத்தில் அதைத் தேடிப் படிக்கட்டும்.

இன்னொன்று. பல பள்ளிகள் கொடுக்கும் பட்டியலுக்கு மூலம் அமெரிக்கரான எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட 220 சொற்கள். அடிக்கடி வருகிற சொற்கள் என்பதால் சேர்த்தவை, எல்லாமே முரண்டு பிடிப்பவை அல்ல. கேன், பிக், ரன் எல்லாம் எழுத்துக்கூட்டியே படிக்கலாம், அவற்றை ஏன் உருப்போட வேண்டும்?

ஒரு நாளைக்கு எத்தனை சொல்?

வாரத்துக்கே நான்கைந்து போதும். பத்து நிமிடம், பிள்ளை கொட்டாவி விட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஐந்தரை வயது மகன் 'வாஸ்' (was) என்பதை 'சா' (saw) என்று திருப்பிப் படிக்கிறான். டிஸ்லெக்ஸியாவோ (வாசிப்புக் குறைபாடு) என்று பயமாக இருக்கிறது.

இந்த வயதில் இது சாதாரணம், பயப்படாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் சொல்லித்தராமல், முதல் எழுத்தின் கீழ் விரல் வைத்து அதன் ஒலியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆனால் ஏழு வயதைத் தாண்டியும் இப்படியே இருந்து, சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரிக்கவும் திணறினால், அதிலும் வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பதில் சிரமம் இருந்திருந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

தமிழுக்கும் இப்படிப் பட்டியல் உண்டா?

தேவையே இல்லை. தமிழில் எழுத்துத் தெரிந்தால் பெரும்பாலும் வாசித்துவிடலாம். பிள்ளைகள் திணறுவது வேறு இடத்தில்: 'கெ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது, 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. அங்கே நிதானமாக நில்லுங்கள். 'பம்பரம்' எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். முதல் 'ப' ஒரு மாதிரி, அடுத்த 'ப' வேறு மாதிரி ஒலிக்கும். பம்பரம் விளையாடிய பிள்ளை, ஒருமுறை தப்பாக வாசித்தாலும் தானே திருத்திக்கொள்ளும். அதனால் முதலில் வீட்டில் புழங்கும் சொற்களையே கொடுங்கள்.