பெங்களூருவில் தீவும் பறவையும் உள்ள பெரிய ஏரியைப் பார்க்க எங்கே போகலாம்?

நான் அல்சூர்க்காரன், அதனால் அல்சூர் ஏரி என்றுதான் முதலில் வாயில் வருகிறது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது, வேடந்தாங்கல் பக்கத்து ஊரிலிருந்து வரும் அப்பாவை ஒரே ஒரு காலை எந்த ஏரிக்குக் கூட்டிப் போவது என்று. அப்படியானால் வட பெங்களூருவின் ஜக்கூர் ஏரி, யோசிக்கவே வேண்டாம்.

அல்சூரைக் குறை சொல்லவில்லை. சுமார் 123 ஏக்கர் ஏரி, நடுவே மரம் அடர்ந்த தீவுகள். நாயோ பூனையோ ஆளோ எளிதில் போக முடியாத இடம் என்பதால் நீர்க்காகமும் பருந்தும் கொக்கும் அங்கேயே குடியிருக்கின்றன. இருட்டும் நேரத்தில் கொக்குகள் வரிசையாக வந்து அடைய, அதே மரங்களிலிருந்து வக்காக்கள் கரகரத்த குரலில் கத்திக்கொண்டு இரைதேடக் கிளம்பும். அது மட்டும் இன்றும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் கரையில் ஒரு பகுதி ராணுவ இடம், நாம் நிற்கக் கிடைப்பது வேலிக்கு இந்தப் பக்கம், பறவையெல்லாம் தூரத்தில் கறுப்புப் புள்ளிதான்.

இன்னொன்று. பெங்களூரு ஏரிகள் தானாக உண்டானவை அல்ல, நம் ஊர் ஏரி போலவே ஓடும் தண்ணீரைக் கரை கட்டி மறித்தவை. அதனால் கரைப் பக்கம் ஆழம், தண்ணீர் வந்து சேரும் தலைப்பக்கம் சேறும் கோரையும் முழங்கால் தண்ணீரும். பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஆழமான கரையிலேயே நின்று செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள், பறவை எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள்.

ஜக்கூரில் தலைப்பக்கம் வடக்கே. அங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, அதில் சுத்தமாகும் கழிவுநீர் நேராக ஏரியில் விழாமல் முதலில் கோரை வளர்ந்த சதுப்புக்குள் புகுந்து ஊர்ந்து வருகிறது. கோரையும் சேற்று நுண்ணுயிரிகளும் மிச்ச அழுக்கைத் தின்றுவிடுகின்றன. அந்தக் கோரை ஓரத்தில் சத்தம் போடாமல் கால்மணி நேரம் நில்லுங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டை அலகால் முறித்து, ஒரு காலால் கை போலப் பிடித்துக்கொண்டு கரும்பு கடிக்கிற மாதிரி உரித்துத் தின்னும். அதன் கால்விரல்கள் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம்! ஆழம் குறைந்த மூலையில் சங்குவளை நாரை பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும், மீன் தட்டுப்பட்டதும் டபக்கென்று மூடும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இதெல்லாம் உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர் உங்களுக்குச் சொல்லட்டும்.

கூழைக்கடாவுக்காகப் போகிறவர்கள் ஆறு மணிக்கே வந்து ஏமாறுவார்கள். அந்நேரத்துக்கு அவை ஏரியின் தீவுகளிலும் மரங்களிலும் கழுத்தை மடித்து உட்கார்ந்திருக்கும். இரை பிடிப்பதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுங்கள். பையில் மீனோடு சேர்த்து அள்ளிய தண்ணீரை அலகை மார்போடு சாய்த்து வடியவிட்டு, அப்புறம் அண்ணாந்து விழுங்கும். விழுங்கும்போது தொண்டைப் பையில் மீன் துள்ளுவது வெளியே தெரியும். வெயில் ஏறி நிலம் சூடானபின், ஒன்பது பத்து மணிக்கு, எழும்பும் வெப்பக் காற்றில் இறக்கை அசைக்காமல் வட்டம் போட்டு மேலே போகும். அவ்வளவு கனத்த பறவை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் வலசை வாத்துகளும் கிடைக்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பொரி பாக்கெட் வேண்டாம். டிபன் முடித்தும் அப்பாவுக்குக் கால் வலிக்கவில்லை என்றால், ஜக்கூர் நிரம்பி வழிகிற தண்ணீர் போய்ச் சேரும் ராச்சேனஹள்ளி ஏரி பக்கத்தில்தான், அதையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.