பிளாக்பெர்ரி தெரியாதவர் ஒயின் குடிக்கலாமா?

வணக்கம் சார்,

அடிலெய்டுக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. வரும் சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் பரோசா பள்ளத்தாக்குக்கு ஒயின் டேஸ்டிங் போகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் இருந்தவரை எப்போதாவது ஒரு பீர், அவ்வளவுதான். ஒயினைப் பற்றிப் படித்தால் பிளாக்பெர்ரி, செடார் மரம் என்று என்னென்னவோ வாசனை சொல்கிறார்கள். பிளாக்பெர்ரியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வாயில் ஊற்றியதைத் துப்ப வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள். காசு கொடுத்துவிட்டுத் துப்புவதா? அசடு வழியாமல் திரும்பி வர வழி சொல்லுங்கள்.

எஸ்., அடிலெய்ட்

அன்புள்ள எஸ்.,

துப்புவதிலிருந்தே தொடங்குகிறேன். முதல்முறை போனபோது நான் ஒரு சொட்டு விடாமல் விழுங்கினேன். மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு எல்லா ஒயினும் அமிர்தமாக இருந்தது. அங்கே ஆறு பாட்டில் வாங்கினேன். அடுத்த வாரம் வீட்டில் ஒன்றைத் திறந்து குடித்தால், கிட்டத்தட்ட ஜாம் கரைசல். மீதி ஐந்தும் விருந்தாளிகளுக்குப் போயின.

ஒரு தடவை ஊற்றுவது ஏறக்குறைய 30 மி.லி.தான். பத்து ஒயின் என்றால் 300 மி.லி. ஆகிவிடும். பரோசாவின் சிவப்பு ஒயினான ஷிராஸில் ஆல்கஹால் பெரும்பாலும் 14, 15 சதவீதம். விழுங்கினால் அந்த நாட்டுக் கணக்கில் மூன்றரை 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' (ஒன்றுக்குப் பத்து கிராம் ஆல்கஹால்) உள்ளே போயிருக்கும். வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர்களுக்கான புரொவிஷனல் லைசென்ஸ் என்றால் பூஜ்யம். அதனால்தான் மேஜையில் வாளி வைத்திருக்கிறார்கள். நமக்கு எச்சில் என்றாலே ஒரு கூச்சம், சரி. ஆனால் வெற்றிலை போடும் தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே வாசல் சாக்கடைக்குக் குறி தவறாமல் துப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குளியலறையில் தண்ணீரை வைத்து இரண்டு நாள் பழகுங்கள், வந்துவிடும்.

பிளாக்பெர்ரி விஷயத்துக்கு வருகிறேன். அது அவர்கள் வேலியோரத்தில் பறித்துத் தின்ற பழம், அதனால் அவர்களுக்கு அந்த ஞாபகம் வருகிறது. நீங்கள் நாவல்பழம் என்று சொல்லுங்கள், யார் தடுக்கிறார்கள்? சிவப்பு ஒயினைக் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிப்பது டேனின் என்ற பொருளின் வேலை. அதை விளக்க ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதுகிறார்கள். நம்மிடம் துவர்ப்பு என்று ஒற்றைச் சொல் இருக்கிறது, வாழைப்பூவும் பாக்கும் தின்றவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பரோசாவை ஒட்டி, கொஞ்சம் உயரத்தில் குளிர்ச்சியான ஈடன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் பிரசித்தம். இளசாக இருக்கும்போது எலுமிச்சை வாசம் வரும். சில வருடம் பாட்டிலில் கிடந்தது கிடைத்தால் தவறாமல் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய்! ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். வெயில் நன்றாகப்பட்ட திராட்சையில் செய்த ரீஸ்லிங்கில், வயது ஏற ஏற அந்த வாசம் தரும் பொருள் கூடுகிறது. கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

போகும்போது சென்ட் வேண்டாம். வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள், காரம் மட்டும் வேண்டாம், எரிகிற நாக்கில் ஆல்கஹால் இன்னும் எரியும். தயிர் சாதம் உத்தமம். ஒரே நாளில் மூன்று இடத்துக்கு மேல் போகாதீர்கள். வெள்ளையில் தொடங்கி சிவப்புக்கு வந்து, பீப்பாயில் பல வருடம் கிடந்த இனிப்பு ஒயினான டானியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். டானி என்றதும் ஞாபகம் வருகிறது: பரோசாவில் உள்ள செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் என்ற ஒயின் ஆலையில் 1878-ல் ஒரு பீப்பாயை நிரப்பி, நூறு வருடம் தொடக்கூடாது என்று வைத்தார்கள்; பிறகு வருடந்தோறும் அப்படியே செய்தார்கள். 1978-லிருந்து வருடாவருடம் நூறு வயதான டானி வெளிவருகிறது. உங்கள் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ருசி பார்க்கவும் அங்கே வழி உண்டு, காசு கொஞ்சம் கூடுதல்.

தனியாக ஒன்றைக் குடித்துவிட்டு 'எப்படி இருக்கிறது' என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடாது. ஊற்றுபவரிடம் ஒரு பரோசா ஷிராஸையும் ஒரு ஈடன் ஷிராஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கிளாஸைச் சுழற்றி மாறி மாறி முகர்ந்தால் வித்தியாசம் தானாகத் தெரியும். குளிர்ந்த இடத்து ஷிராஸில் பொதுவாக மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். இது வெறும் வர்ணனை இல்லை. ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் இருக்கிறது, ஷிராஸிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் அதை எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை.

அந்த ஐந்தில் ஒருவன் நான். ரசத்துக்கு மிளகு இடித்துப் பழகிய கை, ஆனால் ஷிராஸில் இன்றுவரை மிளகு வந்ததில்லை. உங்களுக்கு வந்ததா என்று திங்கட்கிழமை எழுதுங்கள்.