ஓட்டச் சப்பாத்து: காலுக்கா, மனசாட்சிக்கா?

பினாங்கில் ஓடுகிறவர்கள் கேட்டதும் பயிற்சியாளர் அக்கா சொன்னதும்

கேள்வி: அக்கா, பாலம் மாரத்தானில் முதல் தடவையாக 21 கிலோமீட்டர் ஓடுகிறேன். வேகம் கூட்ட அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த நைக்கி சப்பாத்து வேண்டும் என்று ஆசை. தொழிலாளிகளைக் கசக்கும் கம்பெனி என்று தங்கச்சி சண்டை போடுகிறாள்.

பதில்: தங்கச்சி சும்மா சொல்லவில்லை தம்பி. 2008இல் நம் மலேசியாவிலேயே, நைக்கிக்கு டீ-சட்டை தைத்த ஒரு தொழிற்சாலை வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது அம்பலமானது. அதற்காக வேறு பிராண்டுக்குத் தாவினால் தீர்ந்துவிடுமா? தைவானின் பௌ சென் நிறுவனம் நைக்கிக்கும் தைக்கிறது, அடிடாஸுக்கும் அசிக்ஸுக்கும் தைக்கிறது. நான் பார்ப்பது ஒன்றுதான்: எந்தெந்தத் தொழிற்சாலையில் செய்கிறோம் என்ற பட்டியலை வெளியிடுகிறார்களா? நைக்கி 2005இல் வெளியிட்டது. முகவரி தெரிந்தால்தான் தொழிற்சங்கக்காரர் அந்த வாசலில் போய் நிற்க முடியும்.

கார்பன் தகடு உனக்கு இப்போது வேண்டாம். இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு நல்ல சாதாரணச் சப்பாத்தே போதும்.

கேள்வி: எனக்கு முட்டி வலி. ஒரே ஒரு பிராண்டுதான் ஒத்துவருகிறது. தொழிலாளர் விஷயத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை.

பதில்: அதையே வாங்குங்கள். முட்டியைப் பலி கொடுத்து யாருக்கும் நியாயம் கிடைக்காது. ஆனால் 500, 600 கிலோமீட்டர் வரை விடாமல் போட்டு ஓடுங்கள். குதிகாலின் வெளிப்பக்கம் ரப்பர் தேய்ந்து நுரை தெரியும்போது அடுத்ததை யோசிக்கலாம். புது நிறம் வந்ததே என்று ஆண்டுக்கு நாலு ஜோடி வாங்குவதைத்தான் நான் தடுப்பேன்.

கேள்வி: நான் ஒருத்தி யோசித்து என்ன ஆகப் போகிறது?

பதில்: என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். விரல் இடுக்கில் காய்ந்த பாலை உரித்து உரித்துத் தோல் வெடித்திருக்கும். அந்த ரப்பர் எந்த நாட்டில் யார் காலுக்குச் சப்பாத்தானதோ, போட்டவர் யாரும் பாட்டியைப் பற்றிக் கேட்டதில்லை. அதனால் நான் கேட்கிறேன். கடையில் கேட்பேன், கம்பெனிக்கு மின்னஞ்சலும் போடுவேன். பதில் வராதபோது மறுபடி போடுவேன்.

கேள்வி: நாங்கள் சைவம். மகனுக்குப் பந்து விளையாட பூட்ஸ் வாங்க வேண்டும்.

பதில்: பந்து பூட்ஸ் செய்யப் பயன்படுத்திய கங்காரு தோலைக் கைவிடுவதாக நைக்கியும் பூமாவும் 2023இல் அறிவித்தன. பழைய சரக்கு இன்னும் கடையில் கிடக்கலாம். ‘கே-லெதர்’ என்று போட்டிருந்தால் அது கங்காரு தோல், எடுக்காதீர்கள். மாட்டுத் தோல் பூட்ஸும் நிறைய உண்டு. ‘சிந்தெடிக்’ என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.